சிஎஃப்எல் பல்பில் கோடுகள் பிரியவில்லை, எங்கே தப்பு?

தண்டையார்பேட்டை டீச்சர்:
அட்டைப்பெட்டி, சிடி துண்டு, காகிதத்தில் கீறிய பிளவு. ஒளியை நிறங்களாப் பிரிச்சுக் காட்டும் எங்க ஸ்பெக்ட்ரோமீட்டர் இவ்வளவுதான். சிஎஃப்எல்லைப் பார்த்தால் தனிக்கோடுகளுக்குப் பதில் கலங்கிய வானவில்தான் தெரியுது. எட்டாம் வகுப்புக்குக் காட்டணும்.

ராயபுரம் ரேடியோ:
பிளவுதான் காரணம் டீச்சர். அகலமா இருந்தால் ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் மேல ஏறிடும். காகித ஓரமும் பிசிறடிக்கும். ஷேவிங் பிளேடை ரெண்டா உடைச்சு, கூர்முனைகளை எதிரெதிரே வைங்க. நடுவில் ஜெராக்ஸ் தாளைச் செருகி ஒட்டிட்டு உருவினால் சுமார் 0.1 மி.மீ. இடைவெளி கிடைக்கும். கை பத்திரம்.

பெரம்பூர் லென்ஸ்:
சிடியையும் மாத்துங்க. அதில் தட இடைவெளி, அதாவது நிறத்தைப் பிரிக்கும் நுண்வரிகளுக்கு நடுவே உள்ள தூரம், 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74, நிறங்கள் ரெண்டு மடங்குக்கு மேல விரியும். பாரிமுனைப் பக்கம் எழுதாத டிவிடி-ஆர் கிடைச்சால், ஓரத்தில் பிளேடு செருகி அடுக்கைப் பிரிச்சு, தெளிவான பாதியில் இருக்கிற ஊதாச் சாயத்தை ஸ்பிரிட் ஊத்திக் கழுவுங்க. தேய்க்கவே கூடாது, தடம் கீறிடும். தடங்கள் பிளவுக்கு இணையா இருக்கணும். ஒளி நேரா விழுந்தால் பச்சைக்கோடு சுமார் 48 டிகிரி பக்கவாட்டில் வரும், பார்க்கும் துளை அங்கே.

ராயபுரம் ரேடியோ:
அளவுகோல் குறிக்க, சிஎஃப்எல்லுக்குள் இருக்கிற பாதரச ஆவியின் கோடுகள் போதும்: நீலம் 436, பச்சை 546 நானோமீட்டர். எல்இடியில் கோடு தேடாதீங்க, அது தொடர்பட்டை. சூரியனை நேரா பார்க்க விடவே விடாதீங்க. வெயில் படும் வெள்ளைத்தாளைப் பார்க்கச் சொல்லுங்க.