மண்குதிரை பற்றிச் சிறுவர் படப் புத்தகம் உண்டா?

போன மாதம் புதுக்கோட்டை பக்கம் போனபோது நமுணசமுத்திரம் அய்யனார் கோயிலில் இறங்கினோம். பாதையின் இரு பக்கமும் சுடுமண் குதிரைகள் வரிசையாக. ஆறு வயது மகள் உடைந்து கிடந்த ஒன்றுக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, உள்ளே ஒண்ணுமே இல்லை, அப்புறம் எப்படி நிக்குது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தினமும் இரவு குதிரைக் கதைதான்.

அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் (ஒரு பிடி ஊர் மண்) கொடுப்பது, குதிரை செய்யும் குயவரான வேளார் களிமண்ணில் மணலும் வைக்கோலும் கலந்து குதிரையின் கால்களை உருளையாக வனைவது, சுட்டபின் ஊர்வலமாகத் தூக்கி வருவது என்று தெரிந்தவரை சொல்லிவிட்டேன். சரக்கு தீர்ந்துவிட்டது.

மதுரையில் மூன்று புத்தகக் கடைகள், பிறகு புத்தகக் கண்காட்சி, சிறுவர் கதைகள் உள்ள ஸ்டோரிவீவர் இணையதளம் எல்லாம் தேடியாயிற்று. கிடைத்தது பெரியவர்களுக்கான ஆய்வு நூல்கள்தான். கடைக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்ததில் இருந்தது பறக்கும் வெள்ளைக் குதிரை. அதற்கும் அய்யனாருக்கும் என்ன சம்பந்தமோ!

அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, பெரிய எழுத்து, தமிழ் அல்லது இருமொழி. விலை 300 ரூபாய்க்குள். பழைய பிரதியும் சரி. சாமி கதையைவிட, குதிரை செய்கிற கைகள் படத்தில் இருந்தால் நல்லது.

அப்படி ஒரு புத்தகத்தை யாராவது கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?