மைதானத்தில் ஒரு தொழில் வழிகாட்டி வகுப்பு: அழைத்துப் போனவர்கள் சொல்லுங்கள்

கணக்கு ஆசிரியர், செங்கல்பட்டு மாவட்டம்:

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து எங்கள் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பு என் தலையில்தான். என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் டாக்டர், கலெக்டர், போலீஸ். நாலாவது வார்த்தை வராது. வகுப்பறைக்குள் எத்தனை படம் காட்டியும் பலனில்லை. போன டிசம்பரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரைப் பக்கத்து ஊர் விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போனேன். மறுநாள் தடகளப் போட்டி. விளையாடுகிறவர்கள் யாரும் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனோம். ஆள் ஓடினால் பிள்ளைகளின் கண் ஓடுகிறவன் மேலேயே நின்றுவிடும்.

மண் ஓடுதளத்தில் ஒருவர் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாவது தடத்துக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடத்துக்கும் 7.67 கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், எண்களை மனப்பாடமாகச் சொல்கிறார். "ஏன் அண்ணே?" என்று ஒரு பெண் கேட்டாள். "அளவு அப்படி, பாப்பா" என்று முடித்துக்கொண்டார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. மண்ணிலேயே குச்சியால் போட்டுக் காட்டினேன். தடத்தின் அகலம் 1.22 மீட்டர். இரண்டு வளைவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். வெளித்தடத்தின் ஆரம் ஓர் அகலம் கூடுவதால் அதில் ஓடுகிறவருக்குத் தூரமும் கூடும்; அதை ஈடுகட்டத்தான் முன்னால் நிறுத்துவது. அகலத்தை 2π-ஆல் பெருக்கினால் 7.67 வந்துவிடுகிறது. அப்படியானால் முதல் இடைவெளி மட்டும் ஏன் 7.04? இங்கே நானே திணறினேன். முதல் தடத்தை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்றவற்றைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. ஆரத்தின் வித்தியாசம் 1.12 ஆகிவிடுகிறது, அதை 2π-ஆல் பெருக்கினால் 7.04. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். இருபது வருடமாக வட்டத்தின் சுற்றளவு நடத்துகிறேன், ஒரு பயன்பாடு கூடத் தெரியாமல்!

நில அளவையர் வேலை, கட்டடப் பொறியியல் எல்லாம் அந்தக் கயிற்றிலிருந்தே பேச முடிந்தது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் கேட்டுவிட்டான்: "அண்ணே, உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" நான் அதட்டப் போனேன். அவர் தடுத்தார். "கேட்கட்டும் சார். தினக்கூலி. போட்டி இல்லாத மாதம் வேலையும் இல்லை." பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். என் பேச்சில் இல்லாத பாடம் அது. மற்றவர்கள் அனுபவம் என்ன?

உடற்கல்வி ஆசிரியர், கோவில்பட்டி:

எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காத வீடு குறைவு, சார். செயற்கைப் புல் மைதானத்துக்கு எட்டாம் வகுப்பை அழைத்துப் போனபோது, ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்து "புல் பிளாஸ்டிக்தானே, எதற்குத் தண்ணீர்?" என்று சிரித்தார்கள். மோட்டார் அறையில் இருந்த பெரியவர்தான் பதில் சொன்னார்: தண்ணீர் இல்லாவிட்டால் பந்து தயங்கும், விழுந்தால் முட்டி உரியும். குழாய், பம்பு, வால்வு என்று அரை மணி நேரம் அவர் பின்னாலேயே சுற்றினார்கள். நான் ஏற்பாடு செய்திருந்த பயிற்சியாளர் பேச்சை ஒருவனும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன் இப்போது ஐடிஐயில் மின்பணியாளர் பிரிவில் இருக்கிறான். மைதானத்தால்தான் போனான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் அப்பாவும் அதே வேலைதான்.

ஒரு தந்தை, சேலம்:

குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். என் மகளையும் இப்படி ஒரு அரங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். பந்தல் போட்டு இரண்டு மணி நேரம் வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை. பிள்ளைகள் வெயிலில். உணவுப் பொட்டலத்தோடு திரும்பினாள், மைதானத்துக்குள் காலே வைக்கவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். ஓட வேண்டும் என்று துடிக்கிற பிள்ளையிடம் சுண்ணாம்பையும் பம்பையும் காட்டினால், உனக்கு ஓட வராது என்று சொல்வதுபோல் ஆகாதா?

இயன்முறை மருத்துவ மாணவி, மதுரை:

சேலத்து அண்ணா கேட்டது எனக்கு நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் கபடி ஆடினேன். மாவட்டப் போட்டியில் கணுக்கால் பிசகிவிட்டது. களத்துக்கு ஓடிவந்து பனிக்கட்டி வைத்துக் கட்டுப் போட்ட அக்காவிடம், வலியோடு வலியாக, "நீங்கள் டாக்டரா?" என்று கேட்டேன். இயன்முறை மருத்துவம் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவு எடுக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அது மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் தோழிகளோடு வணிகவியலுக்குப் போயிருப்பேன். ஓட ஆசைப்படுகிற பிள்ளையை ஓட விடுங்கள், அண்ணா. கால் பிசகுகிற நாளில் பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறேன்.

கிரிக்கெட் லீக் ஸ்கோரர், சென்னை:

ஸ்கோரர் என்றால் எண்ணிக்கை போடுகிறவர்தானே என்பார்கள். இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாக எழுதி, ஓவருக்கு ஓவர் ஒத்துப் பார்க்க வேண்டும். நடுவர் சைகைக்கு நாங்கள் பதில் காட்டிய பிறகுதான் ஆட்டம் தொடரும். 1986-இல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை' ஆனது, அதாவது கடைசியில் இரண்டு அணியின் மொத்த ஓட்டங்களும் சரிசமம். டெஸ்ட் வரலாற்றில் அப்படி இரண்டே ஆட்டங்கள். ஒரு ஓட்டம் பிசகினால் என்ன ஆகும் என்று இதைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு விளங்க வைப்பேன்.

சேலத்து நண்பருக்கு: இந்தியாவுக்குச் சுழற்பந்து வீசிய வெங்கட்ராகவன் கிண்டியில் பொறியியல் படித்தவர். 57 டெஸ்ட் ஆடினார், பிறகு 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். அவர் ஒரே கதவில்தான் நுழைந்தாரா? சம்பளம் கேட்ட பையனுக்கும் சொல்லுங்கள்: எனக்கு நாள் கணக்கில்தான் படி. பகலில் வங்கி வேலை.

கணக்கு ஆசிரியர், செங்கல்பட்டு மாவட்டம்:

சேலத்து நண்பரே, உங்கள் கேள்வி உறுத்துகிறது. என் 38 பேரில் ஓட்டக்காரி ஒருத்தி இருந்தாள். கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், யாரும் கவனிக்காத நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாள். புதுச் சுண்ணாம்புக் கோடு கலைந்துவிட்டது. அவர் திட்டவில்லை, திரும்பப் போட்டார்.

ஸ்கோரர் ஐயா, வருகிற சனிக்கிழமை உங்களுக்கு ஆட்டம் எங்கே? ஆறு பேரை மட்டும் அழைத்து வருகிறேன். பென்சில் அவர்களே கொண்டு வருவார்கள்.