தார்ச்சாலைக் கலவையில் ஃபைபர் போட்டதும் டி.எஸ்.ஆர். (ஈர வலிமை உலர் வலிமையில் எத்தனை சதவீதம் என்ற விகிதம்) 84-லிருந்து 75-க்கு இறங்கிவிட்டது. எங்கே தப்பு?

அடர்கலவை:
கிரானைட் ஜல்லி, 5.2% பிட்டுமன். ஃபைபர் இல்லாமல் ஆஷ்டோ டி 283 நீர்ச்சேதச் சோதனையில் உலர் வலிமை 780 கிலோபாஸ்கல், ஈர வலிமை 655. கலவை எடையில் 0.3% செல்லுலோஸ் ஃபைபர் சேர்த்தேன், வேறு எதையும் மாற்றவில்லை. இப்போது உலர் 905, ஈரம் 680. விகிதம் 75%தான் வருகிறது, 80 வேண்டும். ஃபைபர் நீர்ச்சேதத்தைக் குறைக்கும் என்றல்லவா சொல்கிறார்கள்?

காற்றிடைவெளி:
ஈர வலிமை குறையவே இல்லையே, 25 கூடியிருக்கிறது. உலர் வலிமை 125 ஏறியதால் விகிதம் சரிந்தது. விகிதத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாற வேண்டிவரும்.

ஆனாலும் நிம்மதியாக இருக்க முடியாது. "வேறு எதையும் மாற்றவில்லை" என்பதுதான் இங்கே தப்பு. செல்லுலோஸ் பிட்டுமனை நன்றாக உறிஞ்சும். அதற்குப் போக மிஞ்சியதுதான் ஜல்லிக்கு, படலம் மெலிந்துவிடும். உலர்ந்த நிலையில் இழைகள் விரிசலை இழுத்துப் பிடிப்பதால் வலிமை கூடித் தெரிகிறது. தண்ணீர் புகுந்தால் விஷயமே வேறு: கல்லுக்கும் பிட்டுமனுக்கும் இடையிலான ஒட்டுதலை இழையால் காப்பாற்ற முடியாது.

பிட்டுமனை 0.2, 0.3, 0.4% என்று ஏற்றி, வடிவமைப்புச் சுழற்சியில் (அழுத்தும் எந்திரத்துக்குக் குறித்த சுற்று எண்ணிக்கையில்) காற்றிடைவெளி 4% எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஜி.எம்.எம். (காற்றிடைவெளியே இல்லாத கலவையின் ஒப்படர்த்தி) புதிதாக எடுக்க வேண்டும். பில்லை (சோதனைக்காக அழுத்திச் செய்த கலவை உருளை) அடர்த்தி 2.320 என்றால், ஜி.எம்.எம். 2.500-க்கு இடைவெளி 7.2%, 2.490-க்கு 6.8%. பழைய எண்ணையே போட்டால், டி 283 பில்லைக்கு வேண்டிய 7±0.5% இடைவெளி வரம்பில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விடும்.

நீரேற்றத்தையும் (காற்றிடைவெளியில் எத்தனை சதவீதம் தண்ணீர் நிரம்பியது என்பதையும்) சரிபாருங்கள். 150 மி.மீ. விட்டம், 95 மி.மீ. உயரமுள்ள பில்லையின் கன அளவு 1679 க.செ.மீ. அதில் 7% என்பது 117.5. ஆகவே 70 முதல் 80% நீரேற்றத்துக்கு உள்ளே போக வேண்டிய தண்ணீர் சுமார் 82 முதல் 94 கிராம். 80% தாண்டிய பில்லையை உலர்த்தி மறுபடி பயன்படுத்தாதீர்கள், அது சேதமான பில்லை.

வெள்ளைக்கல்:
பிட்டுமன் ஏற்றுவதற்கு முன்னால் ஜல்லியைச் சந்தேகப்படுங்க. கிரானைட்டில் சிலிக்கா அதிகம், தண்ணீரைத்தான் அதுக்குப் பிடிக்கும். ஃபைபர் இல்லாத கலவையைத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வைங்க. கல் வெளுத்தா, நோய் ஒட்டுதலில் இருக்கு. ஃபைபரைத் திட்டிப் பயனில்லை.

மருந்து ரெண்டு: ஜல்லி எடையில் 1–1.5% நீர்த்த சுண்ணாம்பு, இல்லேன்னா பிட்டுமன் எடையில் 0.25–0.75% அமீன் திரவம். சுண்ணாம்பை ஈர ஜல்லி மேல் தூவிப் புரட்டினாத்தான் கல்லில் பிடிக்கும். அதே அளவுக்கு மற்ற ஃபில்லரை (நுண்தூளை) குறைக்கணும், இல்லேன்னா கலவை விறைச்சுப் போகும்.

மிக்சர்மேன்:
உடைந்த பில்லையின் முகத்தைப் பார்த்தீர்களா? பஞ்சு மாதிரி சாம்பல் முடிச்சு தெரிந்தால் ஃபைபர் பரவவில்லை. உள்ளே பிட்டுமன் எட்டாத முடிச்சு ஒவ்வொன்றும் தண்ணீர்த் தேக்கம். ஈரம் பட்ட மூட்டையை ஒதுக்குங்கள். ஃபைபரை உதிர்த்துச் சூடான ஜல்லியில் தூவி, பிட்டுமன் ஊற்றும் முன் 10–15 விநாடி உலர்கலப்பு செய்யுங்கள். கண்ணாடி இழை என்றால் இதை நீட்டாதீர்கள், நொறுங்கும். பாலிபுரொப்பிலீன் என்றால் வெப்பநிலையில் கவனம்: 160–165 டிகிரியிலேயே உருகிவிடும், அப்புறம் அது இழையே இல்லை.

அடர்கலவை:
பார்த்தேன். நகக்கண் அளவில் நான்கைந்து முடிச்சு இருக்கிறது. ஈரப் பில்லையில் மட்டும் பெரிய கற்கள் வெளுத்திருக்கின்றன. எதை முதலில் சரிசெய்வது?

காற்றிடைவெளி:
கலப்பை. முடிச்சு இருக்கும்வரை மற்ற எந்த எண்ணையும் நம்ப முடியாது. அது சரியானதும் இரண்டு தொகுதி போடுங்கள்: ஒன்று 5.5% பிட்டுமன், சுண்ணாம்பு இல்லாமல், மற்றொன்று 5.2%, சுண்ணாம்போடு. நீரேற்றம் எல்லாவற்றிலும் 75%-ஐ ஒட்டி இருக்கட்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும். கல் வெளுத்திருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளைக்கல் சொன்னது சரி. கடைசியில் ஹாம்பர்க் சக்கரச் சோதனை: 50 டிகிரித் தண்ணீரில் மூழ்கிய கலவை மேல் சக்கரத்தை ஓட்டிப் பார்ப்பது. பள்ளத்தின் ஆழத்தோடு, வரைகோடு திடீரென்று செங்குத்தாக இறங்கத் தொடங்குவது எத்தனையாவது ஓட்டத்தில் என்றும் குறித்து வையுங்கள்.