மத்தியானம் ஆனால் திரவப் படிக செல் வேலை செய்வதில்லை, உதவுங்கள்

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு 5சிபி என்ற திரவப் படிக மருந்தை நிரப்பி ஒரு செல் செய்திருக்கிறேன். இரண்டு ஐடிஓ (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள) கண்ணாடிகள், மூலக்கூறுகள் வரிசையாகப் படுக்கப் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் பூசி வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்தவை. குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு (ஒரே வாக்கில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) நடுவே 45 டிகிரியில் வைத்தால் காலையில் பளிச்சென்று இருக்கிறது. பேட்டரியில் 3 வோல்ட் கொடுத்ததும் நிறம் மாறி இருள்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் தானாகத் திரும்பி வருகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கோ வோல்ட் கொடுக்காமலே கறுப்பு. ஷார்ட் இல்லை, பார்த்துவிட்டேன். மருந்து கெட்டுவிட்டதா? இன்னொரு தடவை வாங்க வசதியில்லை.

பதில் 1:
முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். டிசி (ஒரே திசை மின்சாரம்) கொடுத்தால் மருந்திலுள்ள அயனிகள் தகடுகளில் போய் ஒட்டி, உள்ளே மின்புலத்தை மறைத்துவிடும். வெளிச்சம் திரும்புவது அதனால்தான். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் ஏசி (திசை மாறி மாறி வரும் மின்சாரம்) கொடுங்கள். 5சிபி மூலக்கூறின் ஒரு முனையில் சயனோ தொகுதி இருப்பதால் நீளவாக்கில் பலமான இருமுனை (ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ்) உண்டு. ஆனாலும் நெமாட்டிக் நிலையில் (மூலக்கூறுகள் ஒரே வாக்கில் வரிசையாக இருக்கும் நிலை) தலை மேலே இருப்பவையும் கீழே இருப்பவையும் சரிபாதி. அதனால் புலத்தின் திசை மாறினாலும் அவை நிமிர்ந்தே நிற்கும். சுமார் 0.8 வோல்ட்டில் நிமிரத் தொடங்கும். செல் தடிமன் எதுவானாலும் கிட்டத்தட்ட இதேதான்.

பதில் 2 (ஏற்காடு):
மத்தியானச் சிக்கல் வெயிலால் வருவது தம்பி. 5சிபி 35 டிகிரியைத் தாண்டினால் ஒழுங்கெல்லாம் போய்ச் சாதாரண திரவமாகிவிடும். ஒளியைத் திருப்ப அங்கே வரிசையே இருக்காது. குறுக்கு போலரைசரில் கறுப்புதான். குப்பியில் மிச்சமிருப்பதைப் பாருங்கள், காலையில் மோர் மாதிரியும் மத்தியானம் தண்ணீர் மாதிரியும் இருக்கும். எனக்கு இங்கே நேரெதிர்ப் பாடு: மார்கழிக் குளிரில் உறைந்துவிடுகிறது.

கேட்டவர்:
அண்ணா, அப்படியே இருக்கிறது! தகர ஷீட் போட்ட மாடி அறை, தெர்மாமீட்டர் 38 காட்டியது. செல்லைக் கீழ் வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபேன் அடியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து வெளிச்சம் ஊர்ந்து வந்து நிரம்பியது. ஏசி மின்சாரம் கொடுத்தால் இப்போது வெளிச்சம் தானாகத் திரும்பி வருவதும் இல்லை. தலை, வால் ஒரே பக்கம் பார்க்கும் வகை கிடையாதா?

பதில் 1:
உண்டு. இப்படி இருக்கலாம் என்று இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1916-லேயே சொன்னார். ஆர்எம்734, டிஐஓ என்ற இரண்டு பொருள்கள் 2017-இல் வந்தன. தலைகள் ஒரே பக்கம் பார்க்கும் ஃபெரோ எலக்ட்ரிக் நெமாட்டிக் என்று 2020-இல் உறுதியானது. அதில் புலத்தைத் திருப்பினால் மூலக்கூறுகளும் தலைகீழாகும், மிகச் சிறிய புலமே போதும்.

பதில் 2 (ஏற்காடு):
அடுத்த செல்லை மட்டும் அந்த மாடி அறையில், மத்தியானத்திலேயே நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது நிரப்பி மெதுவாக ஆறவிட்டால், மருந்து பாய்ந்த தடம் செல்லில் படியாது.