கிளட்ச் மாற்றிய பிறகும் நீடித்த நடுக்கம்: ஃப்ளைவீலில் கிடைத்த விடை

என்னுடைய வேகன் ஆர் பெட்ரோல் வண்டி 86,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்த நேரத்தில் குடும்பத்துடன் கொல்லிமலைக்குச் சென்றோம். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்ததும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டுமே ஏறியது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடையும் உள்ளே வந்தது. பெடல் ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பிறகே கிளட்ச் பிடிப்பதைச் சில வாரங்களாகக் கவனித்திருந்தேன். பிளேட் தேய்ந்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் வழக்கமான பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். பழைய பிளேட்டில் ரிவெட் தலைகள் வெளியே தெரியும் அளவுக்குத் தேய்மானம் இருந்தது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும், கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலைத் துணியால் துடைத்துவிட்டு, அன்று மாலையே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். வழுக்கல் நின்றது, ஆனால் இரண்டு வாரத்திற்குள், முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி முழுவதும் நடுங்கத் தொடங்கியது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் தளர்ந்திருக்கும் என்றார்கள். அதையும் மாற்றினேன், பலனில்லை.

பிறகு நாமக்கல்லில், லாரி வேலையில் பல ஆண்டுகள் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கி, விளக்கை ஃப்ளைவீலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து என்னை அழைத்தார். பளபளப்பான இரும்பு முகத்தில், ஐந்து ரூபாய் நாணய அளவில் நான்கைந்து நீலத் திட்டுகள் இருந்தன. அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள். உள் வட்டத்தில் ரிவெட் உரசிய தடம். "நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க சார், மாட்டுதுங்களா?" என்றார். மாட்டியது.

மலையேற்றத்தில் கிளட்ச் வழுக்கியபோது உண்டான சூட்டில் அந்த இடங்களில் இரும்பு இறுகிக் கெட்டியாகிவிடும் என்றும், எமரித்தாள் போட்டால் நிறம்தான் போகுமே தவிர அடியில் இருக்கும் கெட்டித்தன்மை போகாது என்றும் விளக்கினார். புது பிளேட் மென்மையான இடத்தில் ஒருவிதமாகவும் திட்டின் மேல் வேறுவிதமாகவும் பிடிப்பதால்தான் நடுக்கம் வந்திருக்கிறது. மேடுபள்ளத்தை அளக்கும் டயல் கேஜை வைத்து ஃப்ளைவீலைச் சுற்றியபோது முள்ளும் சீராக நிற்காமல் ஆடியது.

ஃப்ளைவீலைக் கழற்றியதும், அதன் பின்னால், எஞ்சின் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் லேசாகக் கசிந்திருப்பது தெரிந்தது. அந்த எண்ணெய் பிளேட்டில் பட்டிருந்தால் இன்னொரு கிளட்சும் வீணாகியிருக்கும். கையோடு சீலையும் மாற்றினோம். வெடிப்புகள் மேலோட்டமாக இருந்ததால் ஃப்ளைவீலின் முகத்தை மெல்லியதாகச் சீவிச் சமப்படுத்த முடிந்தது. ஆழமாக இருந்தால் புதிதுதான் போட வேண்டும் என்றும், டீசல் கார்கள் சிலவற்றில் வரும், நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகங்களாகச் செய்த இரட்டை எடை ஃப்ளைவீலை இப்படிச் சீவக் கூடாது என்றும் அவர் சொன்னார். ஸ்டார்ட்டர் பல் சக்கரத்தின் பற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பூட்டும்போது அவர் காட்டிய நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. சீவிய முகத்தைப் பிரேக் கிளீனரால் கழுவிய பின் கை படாமல் பார்த்துக்கொண்டார். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸை ஒரு துளி தடவி, வழிந்ததைத் துடைத்தார். பிளேட்டை நடுவில் நிறுத்தும் கருவியைச் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடித்தார்.

கியர்பாக்ஸ் இறக்கும் கூலியை இரண்டு முறை கொடுத்ததுதான் எனக்கு வருத்தம். முதல் முறையே விளக்கைச் சாய்த்துப் பார்த்திருந்தால் சீவும் கூலியோடு முடிந்திருக்கும். கிளட்ச் மாற்றக் கொடுப்பவர்கள், கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு தங்களைக் கூப்பிடச் சொல்லி, ஃப்ளைவீலை நேரில் பார்த்துவிட்டே பூட்டச் சொல்லுங்கள். முதல் 500 கிலோமீட்டர் அரைக்கிளட்சில் நிறுத்தாமல் மெதுவாக ஓட்டினேன். சென்ற மாதம் அதே 70 வளைவுகளிலும் ஏறினோம். வாடையும் இல்லை, நடுக்கமும் இல்லை.