பத்து நிமிஷத்தில் கடன் வாங்கிக் கழித்தல் வருமா?

செங்கோட்டைக்காரன்: நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார். ஒரு பீரியடுக்கு ஒரே திறன், பத்து நிமிஷம் கரும்பலகையில் காட்டினாப் போதும், மிச்ச நேரம் பிள்ளைங்க போட்டுப் பழகட்டும்னு. படிச்சதிலிருந்து எரிச்சல். இருபத்திரண்டு வருஷம் கணக்கு எடுத்திருக்கேன். கடன் வாங்கிக் கழித்தல் ஒண்ணுக்கே எனக்கு ஒரு வாரம் வேணும். பத்து நிமிஷம் அட்டெண்டன்ஸ் எடுக்கவே போயிரும்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்: எழுதினது நான்தானுங்க, என்கிட்டயே கேட்டிருக்கலாம். மூணாம் வகுப்பு, கேரளாவில் தமிழ் மீடியம். 403-ல் 158 போகணும். பாதிப் பேருக்கு மேல 355-னு எழுதியிருந்தாங்க. பெரிசிலிருந்து சின்னதைக் கழிச்சுட்டாங்க: எட்டில் மூணு போனா அஞ்சு, அஞ்சில் பூஜ்யம் போனா அஞ்சு. அன்னைக்கு நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணு, நடுவில் பூஜ்யம் நின்னா யார்கிட்டக் கடன் கேக்கறதுன்னு. மேஜை மேல காகித நோட்டு: நாலு நூறு, மூணு ஒத்தை ரூபாய். ஒரு நூறைப் பத்துப் பத்தா மாத்தினோம். அதில் ஒரு பத்தை ஒத்தை ரூபாயா மாத்தினோம். பத்து நிமிஷம். 245 வந்துருச்சு.

செங்கோட்டைக்காரன்: நோட்டு எண்ணவே பத்து நிமிஷம் ஆகும்.

திருத்தணி டீச்சர்: இதுல புதுசு என்ன சார்? பி.எட்.ல எல்லாரும் பண்ணதுதானே. ஆறு நிமிஷம் பாடம், ஆறு நிமிஷம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிஷம் பாடத்தைத் திருத்தி அமைக்கறது, மறுபடி பாடம் ஆறு, பின்னூட்டம் ஆறு. மொத்தம் 36. 1963-லயே அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில் ஆரம்பிச்சது.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்: டீச்சர், அது நுண்ணிலைக் கற்பித்தல், வாத்தியாருக்கான பயிற்சி. நான் சொல்றது பிள்ளைக்கான பாடம்.

திருத்தணி டீச்சர்: ரெண்டும் ஒண்ணுதான். ஒரு நேரத்தில் ஒரு திறன்.

செங்கோட்டைக்காரன்: பி.எட்.ல மாணவரா உட்கார்ந்தது கூடப் படிச்சவங்க. அவங்களுக்குக் கழித்தல் முன்னாடியே தெரியும். அதான் ஆறு நிமிஷத்தில் முடிஞ்சது.

மறையூர் அப்பா: என் பொண்ணு நாலாவது படிக்குது. தினம் ஒரு துண்டு சொல்லித் தர்றாங்க. நேத்து நடத்தினதை இன்னைக்குக் கேட்டா முழிக்குது.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்: அது முந்தின நாள் பாடத்தை முதல்ல ரெண்டு நிமிஷம் கேக்காத குறைங்க. பாடத்தை அப்படித்தான் தொடங்கணும், சின்னச் சின்னப் படியா எடுத்து, ஒவ்வொரு படிக்கும் பயிற்சி கொடுக்கணும்னு 2012-ல் ரோசன்ஷைன்னு ஒரு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கார்.

செங்கோட்டைக்காரன்: அதே கட்டுரையை முழுசாப் படிங்க. 40 நிமிஷக் கணக்கு வகுப்பில் நல்லா நடத்தினவங்க விளக்கத்துக்கும் கேள்விக்கும் மாதிரிக் கணக்குக்கும் 23 நிமிஷம் எடுத்தாங்க. மோசமா நடத்தினவங்க 11 நிமிஷம். நீங்க அதுக்கும் ஒண்ணு கம்மி!

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்: அந்த 23-க்குள்ள கேள்வியும் இருக்கு, மாதிரிக் கணக்கும் இருக்கு. என் பத்து வெறும் காட்டற நேரம். காட்டி முடிச்சதும் பெஞ்ச் பெஞ்சாப் போய்க் கேக்கறேன். அதையும் சேர்த்தா எனக்கும் இருபதுக்கு மேல வரும்.

செங்கோட்டைக்காரன்: இப்ப இருபது ஆயிட்டுதா? நேத்து பத்துன்னீங்க.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்: பத்துதான். காட்டறது பத்து.

மறையூர் அப்பா: மாஷே, விடுங்க. தமிழ்நாட்டுக்காரங்களுக்கு நம்ம கேரளாப் பள்ளிக்கூடம்னாலே இளக்காரம்.

செங்கோட்டைக்காரன்: யார் இளக்காரம் பண்ணினது? எல்லாருக்கும் ஏ பிளஸ் அள்ளிக் கொடுக்கிற ஊர்லருந்து எனக்குப் பாடமா?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்: 1956 நவம்பர் 1 வரைக்கும் உங்க செங்கோட்டையும் எங்க சித்தூர்த் தாலுகாவும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலங்க. நீங்க அந்தப் பக்கம் போனீங்க, நாங்க இங்கேயே இருந்து தமிழ் மீடியத்தைக் காப்பாத்திட்டு இருக்கோம். சேர்க்கை குறைஞ்சா டிவிஷன் (வகுப்புப் பிரிவு) போயிரும்னு வருஷா வருஷம் ஜூன்ல வீடு வீடா நடக்கறது நாங்க.

திருத்தணி டீச்சர்: எங்க திருத்தணியும் 1960-லதான் ஆந்திராவிலிருந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்துச்சு. என் கிளாஸ்ல பாதி வீட்ல தெலுங்கு. கடன்னு சொன்னா அப்பா வாங்கின கடன்னு நினைக்குதுங்க. அந்த வார்த்தையைப் புரிய வைக்கவே எனக்கு ஒரு பீரியட்.

செங்கோட்டைக்காரன்: அதைத்தானே நானும் சொல்றேன்! ஒரு வாரம்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்: வார்த்தை ஒரு நாள் பத்து நிமிஷம், பூஜ்யம் இன்னொரு நாள் பத்து நிமிஷம். திங்கட்கிழமை 600-ல் 274 எடுக்கறேன், ரெண்டு பூஜ்யம். அதுக்கும் பத்து நிமிஷம்தான்.