அண்ணா நகர் வீட்டு வாடகை (குடும்பக் குழு)

கணேசன்: குடிவரப் போகிறவர் சரி சொல்லிவிட்டார். மாதம் 24,000, அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் எழுத வேண்டும். யார் பெயரில் போடுவது?

சரவணன் துபாய்: உங்கள் பெயரிலேயே போட்டுவிடுங்கள் அண்ணே. எங்கள் பங்கை அப்புறம் அனுப்பினால் போதும்.

மீனா லண்டன்: எனக்கும் சம்மதம்.

கயல்: கொஞ்சம் பொறுங்கள். அப்பத்தா தானப்பத்திரம் எழுதியது மூன்று பேருக்கும். உங்கள் சார்பில் அப்பா பவர் பத்திரம் வாங்கிக் கையெழுத்துப் போட்டாலும் வருமானம் மூன்று பேருடையதுதான். சித்தப்பாவும் அத்தையும் வெளிநாட்டில் இருப்பதால், உங்கள் பங்கில் வாடகைக்காரர் மாதாமாதம் 31.2% டிடிஎஸ் பிடிக்க வேண்டும், அதாவது வாடகையிலேயே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும்.

சரவணன் துபாய்: மாதம் 50,000 தாண்டினால்தானே பிடிக்க வேண்டும்?

கயல்: அது உள்ளூர் உரிமையாளருக்கு, சித்தப்பா. அப்பாவின் 8,000 ரூபாயில் ஒன்றும் பிடிக்க வேண்டாம். உங்களுக்கு வரம்பே கிடையாது. 8,000-க்கு 2,496. அத்தைக்கும் அதேதான்.

சரவணன் துபாய்: அடப்பாவமே. 12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்களே?

கயல்: அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரைதான் வரி இல்லை. ஆனால் அதுவே தாராளம். ஆண்டுக்கு உங்கள் பங்கு 96,000. வீட்டு வரியில் உங்கள் பாகம் 2,000 போனால் 94,000. அதில் 30% சட்டப்படியே கழியும். மிச்சம் 65,800. உங்களுக்கு இங்கே வேறு வருமானம் இல்லை, ஆக வரி பூஜ்யம். பிடித்த 29,952-ம் திரும்பி வரும்.

மீனா லண்டன்: திருப்பித் தரப்போவதை எதற்குப் பிடிக்க வேண்டும்?

கயல்: வாடகைக்காரருக்கு உங்கள் கணக்கு தெரியாதே அத்தை. வரி வராது என்று அவராக முடிவு செய்ய முடியாது. வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம், அது அந்த நிதியாண்டுக்குத்தான் செல்லும். இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட்.

கணேசன்: அந்த மனிதர் வரி பிடிப்பவருக்கான டேன் நம்பர் எடுக்கணும், அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டணும், மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கும் கொடுக்கணும். இத்தனையும் சொன்னால் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்.

கயல்: சொல்லாமல் விட்டால் நாளைக்கு அவருக்குத்தான் நோட்டீஸ் வரும். பிடிக்காததற்கு மாதம் 1% வட்டி, கணக்குத் தாமதமானால் நாளுக்கு 200. நம் வீட்டுக்கு வந்த பாவத்துக்கு அவரா கட்டுவது? டேன் எடுப்பதும் காலாண்டுக் கணக்கும் எங்கள் ஆபீஸில் நானே பார்த்துக்கொள்கிறேன், அவரிடம் காசு கேட்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மூன்று பெயர், மூன்று பான் நம்பர், மூன்று வங்கிக் கணக்கு.

சரவணன் துபாய்: என் பழைய சேமிப்புக் கணக்கு போதுமா?

கயல்: போதாது. அதை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும். இந்த வாரமே வங்கிக்கு எழுதுங்கள்.

மீனா லண்டன்: நான் இங்கேயும் காட்ட வேண்டுமா? சரவணனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கயல்: அங்கே வசிப்பவருக்கு வெளிநாட்டு வாடகையும் கணக்கில் சேரும். ஆனால் சொத்து வருமானத்துக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு சலுகை உண்டு. 96,000 ரூபாய் அதற்குள் அடங்கிவிடும். வாடகை ஏறினால் மட்டும் திரும்பப் பாருங்கள்.

அப்பத்தா: (குரல் பதிவு) ஏம்மா கயலு, வீட்டு வரிய யாரு கட்டுறது? மாநகராட்சில போன தடவ லேட்டுன்னு சொன்னாங்களே.

கயல்: அப்பாதான் கட்டுவார் அப்பத்தா. ஏப்ரல், அக்டோபர் மாதத்துக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை. ரசீதை எனக்கு அனுப்புங்கள் அப்பா. அந்த ஆண்டுக்குள் கட்டிய வரியைத்தான் கழிக்க முடியும்.

கணேசன்: சம்ப் மோட்டார் மாற்றியதற்கு 6,400 ஆனது. அதையும் கழிக்கலாமா?

கயல்: முடியாது. ரிப்பேர், பெயின்ட் எல்லாம் அந்த 30%-க்குள். செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே 30%.

சரவணன் துபாய்: மோட்டார் காசு என் பங்கு 2,133-ஐ இப்போதே ஜிபே பண்ணட்டுமா அண்ணே?

கணேசன்: அனுப்பு. மீனா, உன் பான் கார்டு போட்டோ தெளிவாக இல்லை. இன்னொன்று எடுத்துப் போடு.